மண்ணை அப்பளமாக்கும் வித்தை: நம் பிள்ளைகள் கற்க வேண்டாமா?

கையில் இருக்கும் செல்போனைப் பாருங்கள். அதற்குள் சுட்ட மண் இருக்கிறது!

வயல் மண் அல்ல. குயவர் பானை செய்யும் களிமண்ணும் அல்ல. அது ஒரு பீங்கான் வகை. அதன் பெயர் பேரியம் டைட்டனேட். பேரியம், டைட்டேனியம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்த வெள்ளைப் பொடி. அந்தப் பொடியை மாவாகக் கரைத்து, அப்பளத்தைவிட மெல்லிய தகடாக வார்த்து, அடுக்கி, சூளையில் சுடுகிறார்கள். அப்படிச் சுட்ட துண்டுகள் ஒரு நல்ல செல்போனில் சுமார் 1,000 இருக்கின்றன. ஒரு மின்சாரக் காரில் சுமார் 10,000 இருக்கின்றன.

இவற்றில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஒரு துண்டின் விலை சில காசுகள்தான். ஆனால் அது இல்லாவிட்டால் பல ஆயிரம் ரூபாய் செல்போன் வெறும் கண்ணாடிப் பலகை!

இந்த வித்தையை நம் நாடு கற்றே ஆகவேண்டும். பணத்தை மட்டும் கொட்டினால் அது வராது. பொறுமையும், பள்ளிப் படிப்பும், கைப் பழக்கமும் வேண்டும்.

நடுவில் ஒரு தொட்டி

அந்தத் துண்டுக்குப் பெயர் மின்தேக்கி. ‘கெப்பாசிட்டர்’ என்று ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் சொல்வார்.

அது என்ன வேலை செய்கிறது?

தெருக் குழாயில் தண்ணீர் ஒரு சமயம் வேகமாக வரும். ஒரு சமயம் நூல் போல் ஒழுகும். வீட்டு மாடியில் ஒரு தொட்டி கட்டிவிட்டால் கவலை இல்லை. குழாயில் எப்படி வந்தாலும் சமையலறையில் சீராக விழும்.

மின்தேக்கி அந்தத் தொட்டிதான். மின்சாரத்தை ஒரு நொடியில் சிறு பகுதி நேரம் தேக்கி வைத்து, வேண்டும்போது கொடுக்கிறது. செல்போனின் மூளையாகிய ‘சிப்’ மிகவும் நாசூக்கானது. மின்சாரம் கொஞ்சம் தடுமாறினாலும் கணக்கு தப்பிவிடும். அது தடுமாறாமல் பார்த்துக்கொள்வது இந்தத் தொட்டி.

இதன் அமைப்பு எளிது. இரண்டு உலோகத் தகடுகள். நடுவில் மின்சாரம் பாயாத ஒரு பொருள். அந்த நடுப் பொருள் எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவு மின்சாரம் தேங்கும்.

ஆகவே போட்டியே ஒன்றுதான். யார் மிக மெல்லிய தகடு செய்வது?

காக்காப்பொன் காலம்

ஒரு காலத்தில் அந்த நடுப் பொருளுக்கு உலகமே இந்தியாவை நம்பி இருந்தது.

பாறை இடுக்கில் பளபளவென்று மின்னும் பொருள் ஒன்று உண்டு. கிராமத்துப் பிள்ளைகள் அதைக் ‘காக்காப்பொன்’ என்று பொறுக்கி விளையாடுவார்கள். ஆங்கிலத்தில் மைக்கா. இதை ஏடு ஏடாக உரிக்கலாம். மின்சாரம் பாயாது. சூடு தாங்கும். ரேடியோப் பெட்டிகளுக்கு இதைவிடச் சிறந்த பொருள் அன்று இல்லை.

இப்போது ஜார்க்கண்டில் இருக்கும் கோடர்மா, கிரிடி பகுதிகளில் இது ஏராளமாகக் கிடைத்தது. தெற்கே நெல்லூர் மாவட்டத்துக் கூடூரிலும் கிடைத்தது. அன்று நெல்லூர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. உலகச் சந்தைக்குப் போன தகட்டு மைக்காவில் பெரும்பங்கு இந்தியாவுடையது.

அதை உரித்தவர்கள் யார்? ஏழைப் பெண்கள். கையில் ஒரு சிறு கத்தி. காகிதத்தைவிட மெல்லிய ஏடாக, கிழியாமல் உரிப்பார்கள். அந்தக் கைத்திறனுக்கு ஈடான இயந்திரம் அன்று எந்த நாட்டிலும் இல்லை.

திறமை இங்கே இருந்தது. பொருள் இங்கே இருந்தது. பிறகு என்ன நடந்தது?

யுத்தம் வந்தது

இரண்டாம் உலக யுத்தம் மூண்டது. போர் விமானத்துக்கு ரேடியோ வேண்டும். கப்பலுக்கு ரேடார் வேண்டும். எல்லாவற்றுக்கும் மைக்கா வேண்டும். ஆனால் கடலில் நீர்மூழ்கிக் கப்பல்களின் பயம். 1942-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து, மைக்காவை வாங்கி அனுப்புவதற்கென்றே ஒரு கூட்டுக் குழுவை இந்தியாவுக்கு அனுப்பின. அவ்வளவு நெருக்கடி!

அமெரிக்கர்கள் மைக்காவை வாங்கியதோடு நிற்கவில்லை. “இது வராமல் போனால் என்ன செய்வது?” என்று யோசித்தார்கள்.

கிளென் ஹோவாட் என்ற நிபுணர் ஒரு வழி கண்டுபிடித்தார். பீங்கான் பொடியைக் கூழாகக் கரைத்து, ஜிப்சப் பலகைகளின் மேல் மெல்லியதாகப் பரப்பி, உலர்த்தித் தகடாக எடுத்தார். 1947-ல் அவரும் கூட்டாளிகள் இருவரும் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 1952-ல் ஹோவாட்டுக்குக் காப்புரிமை கிடைத்தது. ஜிப்சப் பலகைக்குப் பதில், ஓடும் பிளாஸ்டிக் படலத்தின்மேல் கூழை வார்க்கும் முறைக்கு 1961-ல் மற்றொரு அமெரிக்கருக்குக் காப்புரிமை கிடைத்தது.

அதே யுத்த காலத்தில்தான் பேரியம் டைட்டனேட்டின் மகிமையும் தெரிந்தது. அமெரிக்கா, ஜப்பான், ரஷ்யா மூன்றிலும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். ஒரே கனமுள்ள தகட்டில், மைக்காவைப் போல் நூறு மடங்குக்கும் மேல் மின்சாரத்தைத் தேக்க வல்லது அது.

காக்காப்பொன்னின் மதிப்பு சரியத் தொடங்கியது.

வடாம் பக்குவம்

இந்தத் தகடு செய்யும் முறையைத் தாய்மார்களுக்கு விளக்குவது சுலபம். வடாம் போடத் தெரிந்தவர்களுக்கு இதன் பாதி தெரிந்த மாதிரிதான்!

முதலில் மாவு. பேரியம் டைட்டனேட் பொடி அது. மிக மெல்லிய தகடு வேண்டுமானால் ஒவ்வொரு துகளும் ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறியதாக இருக்கவேண்டும்.

பொடியை ஒரு திரவத்தில் கலந்து, உருளும் ஜாடியில் போட்டு, சிறு பீங்கான் குண்டுகளோடு பல மணி நேரம் அரைக்கிறார்கள். துகள்கள் கட்டி தட்டக்கூடாது. அதற்கு ஒரு சேர்மானம் வேண்டும். பல ஆண்டுகள் இதற்கு எதைச் சேர்த்தார்கள் தெரியுமா? மீன் எண்ணெய்! மென்ஹேடன் என்ற அமெரிக்க மீனின் எண்ணெய் இதற்குப் பேர்போனது.

அடுத்து பசை. அதில்லாவிட்டால் உலர்ந்த தகடு உதிர்ந்துவிடும். கார் முன்கண்ணாடி உடைந்தாலும் சிதறாமல் இருக்க நடுவே ஒரு பிளாஸ்டிக் வைக்கிறார்களே, அதே இனப் பிளாஸ்டிக்தான் இங்கே பசை. தகடு வளைந்து கொடுக்க இன்னொரு சேர்மானமும் உண்டு.

பிறகு கூழிலுள்ள காற்றுக் குமிழிகளை உறிஞ்சி எடுக்கிறார்கள். ஒரு குமிழி தங்கினாலும் தகட்டில் ஓட்டை விழும். ஓட்டை விழுந்த மின்தேக்கி குப்பைக்குத்தான் போகும்.

இனி வார்ப்பு. கீழே பளபளப்பான பிளாஸ்டிக் படலம் மெதுவாக நகர்கிறது. மேலே கூழ்த் தொட்டி. தொட்டியின் வாயில் நேரான ஒரு கத்தி. கத்திக்கும் படலத்துக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி. அதன் வழியே கூழ் ஒரே கனமாகப் பரவுகிறது. அந்தக் கத்திக்கு ‘டாக்டர் பிளேடு’ என்று பெயர். மருத்துவருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அச்சு இயந்திரத்தில் மையை வழிக்கும் தகட்டின் பழைய பெயர் அது. இன்று மிக மெல்லிய தகடுகளுக்கு வேறு விதமான வார்ப்பு வாய்களும் வந்திருக்கின்றன.

பிறகு உலர்த்துவது. இங்கேதான் பக்குவம்! கடும் வெயிலில் வைத்த வடாம் மேலே ஏடு கட்டிவிடும். உள்ளே ஈரம் நிற்கும். பிறகு வெடிக்கும். இதுவும் அப்படியே. மெதுவாக, ஒரே சீராக உலர்த்தவேண்டும்.

உலர்ந்ததைப் படலத்திலிருந்து உரித்தால், துணி போல மடங்கும் ஒரு வெள்ளைத் தகடு. இன்னும் சுடவில்லை. செங்கல் சூளைக்காரர்கள் சுடாத கல்லைப் ‘பச்சைக் கல்’ என்பார்கள். இதையும் உலகமெங்கும் ‘பச்சைத் தகடு’ என்றே சொல்கிறார்கள். நிறம் வெள்ளை. பெயர் பச்சை!

சூளைச் சோதனை

பச்சைத் தகட்டின்மேல் நிக்கல் உலோகக் குழம்பைக் கட்டம் கட்டமாக அச்சடிக்கிறார்கள். அப்படி நூற்றுக்கணக்கான தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அழுத்துகிறார்கள். பிறகு சிறு சிறு துண்டுகளாக வெட்டுகிறார்கள். செல்போனில் இருக்கும் துண்டுகள் பல 0.4 மில்லிமீட்டர் நீளமும் 0.2 மில்லிமீட்டர் அகலமும்தான். உப்புக் கல் இதைவிடப் பெரியது!

இனி சூளை. முதலில் இளஞ்சூட்டில் பசையை எரித்து வெளியேற்றவேண்டும். அவசரப்பட்டால் ஏடுகள் பிரிந்துவிடும். பிறகு சுமார் 1,200 முதல் 1,300 டிகிரி சூடு. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகுகின்றன. துண்டு நீள அகலத்தில் ஆறில் ஒரு பங்கு வரை சுருங்கும்.

மண் ஒரு அளவு சுருங்கி, நிக்கல் வேறொரு அளவு சுருங்கினால்? துண்டு விரிசல் விடும். சூளையில் காற்று அதிகமானால்? நிக்கல் கெட்டுவிடும். காற்று மிகவும் குறைந்தால்? பீங்கான் தன் குணத்தை இழக்கும். இவ்வளவுக்கும் நடுவே கம்பி மேல் நடக்கவேண்டும்.

சிறந்த தொழிற்சாலைகளில் சுட்டு முடிந்த ஒரு ஏட்டின் கனம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் கனம் 50 முதல் 100 மைக்ரான் இருக்கும். யோசித்துப் பாருங்கள்!

சட்டி பானைக் குடும்பம்

இந்த வித்தை பிறந்தது அமெரிக்காவில். கொடிகட்டிப் பறப்பது ஜப்பானில்.

கியோட்டோ நகரம் பீங்கானுக்குப் பழம் பெயர் பெற்றது. அங்கே ஒரு பீங்கான் பட்டறைக்காரரின் மகன் அகிரா முராட்டா. 1944-ல் ஒரு சிறு தொழில் தொடங்கினார். இன்று உலகில் விற்கும் அடுக்கு மின்தேக்கிகளில் பத்தில் நான்கு பங்கு முராட்டா நிறுவனத்துடையது என்று மதிப்பிடுகிறார்கள்.

மண் பிசைந்த குடும்பம் மண்ணை விடவில்லை. மண்ணோடு படிப்பைச் சேர்த்தது. உலகை வென்றது.

இங்கே மைக்கா வெட்டியவர்கள் கதி என்ன? மைக்கா விலை குறைந்தது. காடுகளைக் காக்கும் சட்டமும் 1980-ல் வந்தது. பல சுரங்கங்கள் மூடப்பட்டன. தொழில் மாறியதற்குப் பீங்கான் தகடு மட்டுமே காரணம் அல்ல. ஆனாலும் அது ஒரு பெரிய காரணம். ஜார்க்கண்டில் கைவிட்ட சுரங்கக் குழிகளில் கழிவு மைக்காவைப் பொறுக்கி விற்று ஏழைக் குடும்பங்கள் வயிறு கழுவும் செய்தி இந்த நூற்றாண்டிலும் வந்தது. அங்கே குழந்தைகளும் பொறுக்கினார்கள்.

பாடம் என்ன? தோண்டி விற்பவனுக்கு ஒரு காலம்தான் வாழ்வு. செய்யக் கற்றவனுக்கு, பொருள் மாறினாலும் வாழ்வு உண்டு.

பணம் போதுமா?

2025 மார்ச்சில் மத்திய அரசு, மின்னணு உதிரிப் பாகங்களை இங்கேயே செய்வதற்கு ரூபாய் 22,919 கோடியில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. நல்ல காரியம். பாராட்டவேண்டும்.

ஆனால் பணம் கொடுத்தால் இயந்திரம் வரும். பக்குவம் வருமா?

வெளிநாட்டு இயந்திரத்தை வாங்கி, வெளிநாட்டுப் பொடியை வாங்கி, வெளிநாட்டார் சொன்னபடி பொத்தானை அழுத்தினால் அது சொந்தத் தொழில் ஆகாது. ரெடிமேட் மாவு வாங்கித் தோசை சுடுவதுதான். மாவுக் கடைக்காரர் கடையை மூடினால் வீட்டில் பட்டினி!

ஜப்பானின் பெரிய நிறுவனங்கள் முக்கியமான பொடியைத் தாங்களே செய்துகொள்கின்றன. ரகசியம் அங்கேதான் இருக்கிறது. ஆகவே பணத்தில் ஒரு பகுதி பொடி செய்யும் ஆராய்ச்சிக்குப் போகவேண்டும். கல்கத்தாவில் 1950 முதல் மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்த ஆராய்ச்சியும் தொழிற்சாலையும் கைகோக்கவேண்டும்.

முதல் ஆண்டிலேயே லாபம் கேட்கக்கூடாது. முதல் ஈடு இட்லி சரியாக வராது என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். அதற்காக அடுப்பை அணைத்துவிடுவார்களா?

இரண்டு ஆட்சேபங்கள்

“சில காசுக்கு வெளியே கிடைக்கிறதே, ஏன் இந்தப் பாடு?” என்று சிலர் கேட்பார்கள்.

2018-ல் உலகமெங்கும் இந்தத் துண்டுகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. விலை ஏறியது. ஆர்டர் கொடுத்த கம்பெனிகள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தன. அப்போது காசு இருந்தும் சரக்கு இல்லை. உப்பு மலிவுதான். ஆனால் கடையில் உப்பு இல்லாத நாளில் சமையல் என்ன ஆகும்?

“சிப் செய்தால் போதாதா? அதற்குத்தானே மதிப்பு?” என்று வேறு சிலர் கேட்பார்கள்.

சிப் செய்யட்டும். வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் ஒவ்வொரு சிப்பையும் சுற்றி இந்தத் துண்டுகள் பத்தும் நூறுமாக நிற்கவேண்டும். மாப்பிள்ளையை மட்டும் அழைத்து வந்தால் கல்யாணம் நடக்குமா? பந்தலும் வேண்டும், பந்திக்கு இலையும் வேண்டும்.

எல்லாப் பொருளையும் இங்கேயே செய்யவேண்டும் என்பதில்லை. அது நடக்காத காரியம். ஆனால் எதற்கும் அடிப்படையான சில வித்தைகள் உண்டு. மெல்லிய தகடு வார்ப்பது அவற்றில் ஒன்று. இதே முறையில்தான் மின்னணுச் சாதனங்களின் அடியில் வைக்கும் அலுமினாத் தகடுகளையும், எரிவாயுவிலிருந்து நேரே மின்சாரம் எடுக்கும் ஒரு வகை எரிகலங்களின் தகடுகளையும் வார்க்கிறார்கள். ஒரு வித்தை கற்றால் பல தொழில் பிழைக்கும்.

பெற்றோர்களே!

விருத்தாசலத்தில் செராமிக் பட்டயப் படிப்புக்கென்றே அரசு நிறுவனம் இருக்கிறது. சென்னை அண்ணா பல்கலைக் கழகத்தில் செராமிக் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு இருக்கிறது. எத்தனை வீடுகளில் இது தெரியும்?

தெரிந்தாலும், “கம்ப்யூட்டர் படிக்காமல் மண் பிசையப் போகிறாயா?” என்று பிள்ளையைத் தடுப்பவர்கள் உண்டு. அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே மண்தான் இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

அரசுக்கும் ஒரு கடமை உண்டு. பாலிடெக்னிக்குகளில் சிறிய வார்ப்பு மேசை ஒன்று வைக்கலாம். அது மேசைமேல் அடங்கும் சாதனம்தான். ஒரு சிறு அரைக்கும் ஜாடி, ஒரு சிறு சூளை. மாணவன் தன் கையால் கூழ் கரைத்து, வார்த்து, உலர்த்தி, விரிசல் விட்டு, ஏன் விட்டது என்று கண்டுபிடிக்கட்டும். பத்துத் தடவை விரிசல் பார்த்தவன்தான் பதினோராவது தடவை நல்ல தகடு எடுப்பான். புத்தகத்தைப் பத்துத் தடவை படித்தாலும் அது வராது.

உயிரும் முக்கியம்

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. இந்தக் கூழைக் கரைக்கும் திரவங்களில் டோலுவின் போன்றவையும் உண்டு. பெயின்ட் தின்னர் வாடை போல நெடி அடிக்கும். மூச்சில் அதிகம் போனால் தலை சுற்றும். நாளடைவில் நரம்புக்குக் கேடு. தீப்பற்றவும் கூடும். தண்ணீரில் கரைக்கும் முறையும் இருக்கிறது. ஆனால் அது உலர நேரம் பிடிக்கும்.

இத்தகைய நுட்பமான வேலைகளுக்குப் பெண்கள் பெருவாரியாக வருவார்கள். கழிவுக் காற்றை வெளியேற்றும் வசதியும், முகமூடியும், மருத்துவச் சோதனையும் தொழிற்சாலை கட்டும்போதே கணக்கில் சேரவேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது கூடாது. மைக்கா உரித்த பெண்களின் கண்ணையும் மூச்சையும் பற்றி அன்று எத்தனை முதலாளிகள் கவலைப்பட்டார்கள்? அந்தப் பாவத்தை மறுபடி செய்யக்கூடாது.

முடிவாக

கத்தியால் காக்காப்பொன்னை ஏடு ஏடாக உரித்த கைகள் இந்த நாட்டுக் கைகள். வடாத்தையும் அப்பளத்தையும் பக்குவம் தவறாமல் உலர்த்தும் கைகளும் இந்த நாட்டுக் கைகளே. மெல்லிய வேலை இங்கே புதிதல்ல.

குறை கையில் இல்லை. கைக்குப் படிப்பைச் சேர்க்காததுதான் குறை.

சுடாத தகடு பச்சையாக இருக்கும்போதுதான் வளையும். சுட்டபின் வளையாது. பிள்ளைகளும் அப்படித்தான். பச்சையாக இருக்கும்போதே இந்த வித்தையை அவர்கள் கையில் கொடுத்துவிடவேண்டும்!